மஞ்சள் விளக்கா, வெள்ளை விளக்கா?

தையல் வேலை செய்யும் வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 45 வயது. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். வெள்ளை விளக்கில் இருக்கும் நீல ஒளி விழித்திரையை அரித்துவிடும் என்று மூன்று மாதம் முன்பு என் கணவர் ஒரு வீடியோவில் பார்த்தார். மறுநாளே வீடு முழுக்க விளக்குகளை மாற்றிவிட்டார். நான் தைக்கும் அறையில் 20 வாட் எல்இடி டியூப் இரண்டு இருந்தது. அதைக் கழற்றிவிட்டு 9 வாட் மஞ்சள் பல்பு இரண்டு போட்டார். எல்லாருக்கும் நீல ஒளி தடுக்கும் கண்ணாடியும் வாங்கினார். ராத்திரி வண்டி ஓட்ட அவருக்கு மட்டும் ஒரு மஞ்சள் கண்ணாடி. அன்றிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, சின்ன எழுத்து கலங்குகிறது. போன வாரம் கருநீலத் துணிக்குக் கறுப்பு நூல் போட்டுத் தைத்துவிட்டேன், பகலில்தான் தெரிந்தது. மஞ்சள் விளக்கு என் கண்ணைக் கெடுத்துவிட்டதா? மகனுக்கு 12 வயது. ஒரே வருடத்தில் பவர் மைனஸ் 1.5லிருந்து 2.25 ஆகிவிட்டது. பழைய வெள்ளை விளக்குதான் காரணம் என்கிறார் கணவர். 70 வயது மாமியாருக்கு மஞ்சள் விளக்கு பிடித்திருக்கிறது, கண் கூசவில்லை என்கிறார். அவருக்குச் சில நாள் ராத்திரி விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறதாம், ஒரு பக்கம் தலை வலிக்கிறதாம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. வயதானால் அப்படித்தானே? எந்த நிற விளக்கு கண்ணுக்கு நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், வீட்டில் சண்டை தீரட்டும்.”

சகோதரி, ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கணவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது.

முதலில் மாமியாரின் வானவில்

விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே ஒரு பக்கத் தலைவலி, தூங்கி எழுந்தால் சரி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வயதின் மேல் பழி போட்டுவிட்டு நகர முடியாது. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறி இறங்குகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

நடப்பது இதுதான். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். கண்ணின் முன்னே கண்ணாடி போல மூடியிருக்கும் கருவிழியும், அதன் பின்னே இருக்கும் நிறத் திரையான ஐரிஸும் சேரும் ஓரத்தில் உள்ள சல்லடை வழியாக அது வடிந்துகொண்டே இருக்கும். சிலருக்கு அந்த ஓரம் இயல்பிலேயே குறுகல். வயதாக ஆக உள்ளே இருக்கும் லென்ஸ் தடித்து ஐரிஸை முன்னே தள்ளுவதால் இன்னும் குறுகிப்போகும். மங்கலான வெளிச்சத்தில் கண் பாப்பா, அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், விரியும். விரியும்போது ஐரிஸ் ஓரத்தில் மடிந்து வடிகாலை அடைத்துக்கொள்ளலாம். நீர் தேங்கி அழுத்தம் ஏறினால் கருவிழி லேசாக நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் சிதறும் ஒளிதான் வானவில்லாகத் தெரிகிறது. தூக்கத்தில் பாப்பா சுருங்கிவிடும், அடைப்பும் விலகும். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பது அதனால்தான். பலரும் மாதக்கணக்கில் ஏமாறுவதும் அதனால்தான்.

இது கண்புரையாகவும் இருக்கலாம். கண்புரையிலும் விளக்கைச் சுற்றி ஒளி பரவித் தெரியும். ஆனால் அது தலைவலியோடு வந்து தூக்கத்தில் மறையாது. எது என்று தள்ளி நின்று என்னால் சொல்ல முடியாது. அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு மருத்துவரால் சில நிமிடங்களில் சொல்லிவிட முடியும். கண் அழுத்தத்தை அளந்து, ஒரு சிறு கண்ணாடிக் கருவியைக் கண்மேல் வைத்து அந்த ஓரத்தை நேரடியாகப் பார்ப்பார்கள். குறுகல்தான் என்றால் ஐரிஸில் லேசரால் ஒரு நுண்துளை போட்டு நீருக்கு மாற்றுவழி செய்வார்கள். படுக்கையில் சேர வேண்டிய வேலையே அல்ல. விட்டுவிட்டால் மட்டும் கிளாக்கோமாவாகிப் பார்வை நரம்பு போகும். போனது திரும்பாது.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். அதற்குள் ஒரு ராத்திரி கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்து பார்வை மங்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பரிசோதனை முடியும்வரை விளக்கை அணைத்துவிட்டு டிவி பார்ப்பது வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் சளி மாத்திரையும் வேண்டாம். அவற்றில் சில கண் பாப்பாவை விரிக்கக்கூடியவை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: வளையம் தெரிவது இந்த மூன்று மாதத்தில் கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். மஞ்சள் நிறம் எதுவும் செய்யவில்லை. வீடு இருட்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கணவர் மாற்றியது நிறத்தை மட்டும் அல்ல

இப்போது உங்கள் ஊசிக்கு வருவோம். வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை லூமன் என்ற எண்தான் சொல்லும். 20 வாட் எல்இடி டியூப் ஒன்று சுமார் 2000 லூமன் தரும். 9 வாட் பல்பு 800லிருந்து 900 வரை. முன்பு அறைக்குள் ஏறக்குறைய 4000 லூமன் இருந்தது, இப்போது 1700. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் வாசல் தாண்டிப் போய்விட்டது. நீங்களோ மீதி இருப்பதன் நிறத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்!

தையல் சும்மா கண்ணை ஓட்டிப் பார்க்கிற வேலை இல்லை. ஆடைத் தொழிற்கூடங்களில் தையல் மேசைக்கு 750 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்கிறது ஐரோப்பிய விளக்கொளித் தரம். லக்ஸ் என்பது துணியின்மேல் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு. ராத்திரி விளக்கு போட்ட சாதாரண வீட்டு அறையில் நூறு, நூற்றைம்பது லக்ஸ் இருந்தாலே பெரிது. பழைய இரண்டு டியூபும்கூட உங்கள் வேலைக்குப் போதுமானதாக இருந்திருக்காது, சமாளித்துக்கொண்டிருந்தீர்கள்.

சமாளித்தது எப்படி என்பதுதான் சுவாரஸ்யம். உங்களுக்கு 45 வயது. இந்த வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தேவையான அளவுக்கு வளைந்து கொடுக்காது. வெள்ளெழுத்து என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். 40 தாண்டிய எல்லாருக்கும் முன்னே பின்னே வரும். வெளிச்சம் நன்றாக இருந்தால் கண் பாப்பா சிறுத்துக்கொள்ளும். சிறிய துளை வழியாக வரும் ஒளி பவர் சரியில்லாத கண்ணிலும் ஓரளவு கூர்மையாகவே விழும். உங்கள் பழைய டியூப்லைட் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. வெள்ளெழுத்து எப்போதோ வந்துவிட்டது, அதை மறைத்து வைத்திருந்தது வெளிச்சம். வெளிச்சம் குறைந்ததும் பாப்பா விரிந்தது, குட்டு வெளிப்பட்டது.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு தடித்த அட்டையில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். பகலில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கலங்கித் தெரியும் சின்ன எழுத்தை அந்தத் துளை வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். எழுத்து சட்டென்று தெளிந்தால் உங்கள் பிரச்சினை பவர், விளக்கு அல்ல. துளையிலும் தெளியவில்லை என்றால் வேறு காரணம் தேடவேண்டும். என்னிடம் வருகிறவர்களிடம் இதைச் செய்யச் சொல்லும்போது பாதிப்பேர் அட்டையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவு நாளாக அந்தத் தெளிவைப் பார்க்காதவர்கள்.

வெள்ளை விளக்கில் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது என்கிறீர்களே, அது முழுக்கப் பிரமை அல்ல. விழித்திரையில் ஒரு வகைச் செல்கள் இருக்கின்றன. உருவம் பார்ப்பது அவற்றின் முக்கிய வேலை இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்குச் சொல்வதே வேலை. மெலனாப்சின் என்ற நிறமி அவற்றில் இருக்கிறது. அலைநீளம் 480 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும் நீல ஒளிக்கு அது அதிகமாக அசைந்து கொடுக்கும். கண் பாப்பாவைச் சுருங்கச் சொல்வதில் இந்தச் செல்களுக்குப் பெரிய பங்கு. அதனால் ஒரே அளவு வெளிச்சம் என்றாலும் நீலம் கலந்த வெள்ளையில் பாப்பா சற்று அதிகமாகச் சுருங்கும், எழுத்து சற்றுத் தெளியும். மற்றபடி நீலத்துக்கும் கூர்மைக்கும் நெருங்கிய உறவு கிடையாது. விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் நட்டநடுப் புள்ளியில் நீலம் உணரும் செல்களே இல்லை.

ஆக, மஞ்சள் விளக்கு உங்கள் கண்ணைக் கெடுக்கவில்லை. மங்கலில் தைத்ததாலும் கண் கெடாது. கண் களைக்கும், தலை வலிக்கும், கழுத்தை நீட்டிக் குனிந்து முதுகு வலிக்கும். நிரந்தரச் சேதம் கிடையாது. பக்கப் பார்வைக்குக் கண்ணாடி போட்டால் ஊசி, நூல் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

கருநீலமும் கறுப்பும்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நிறத்தின் மேல் குற்றம் சாட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கருநீலத் துணி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டுக் கொஞ்சம் நீலத்தை மட்டும் திருப்பித் தருகிறது. 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் நீலமே குறைவு. வருவதே இத்துனூண்டு என்றால் துணி எதைத் திருப்பித் தரும்? கறுப்பாகத்தான் தெரியும். ஊதாவும் பழுப்பும், வெளிர் மஞ்சளும் வெள்ளையும் இதே மாதிரி ஒன்றுக்கொன்று வேஷம் போடும். கண்ணில் கோளாறு இருந்துதான் ஏமாறவேண்டும் என்பதில்லை, இருபது வயதுக் கண்ணும் ஏமாறும்.

பல்பு வாங்கும்போது பெட்டியில் மூன்று எண்களைப் பாருங்கள். லூமன் சொன்னேன். கெல்வின் நிறத்தைச் சொல்லும்: 2700 என்றால் மஞ்சள், 4000 என்றால் நடுத்தர வெள்ளை, 6500 என்றால் நீலம் பூத்த வெள்ளை. எண் ஏற ஏற நீலம் கூடும். மூன்றாவது, யாரும் பார்க்காத சிஆர்ஐ. சூரிய ஒளியோடும் பழைய குண்டு பல்போடும் ஒப்பிட்டால் இந்த விளக்கில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு 100க்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் அது. வீட்டு விளக்குகள் பெரும்பாலும் 80. உங்கள் மேசைக்கு 90க்கு மேல் வேண்டும். கெல்வின் ஒன்றாகவே இருக்கும் இரண்டு விளக்கில் ஒன்று சிவப்பைச் சிவப்பாகக் காட்டும், இன்னொன்று செங்கல் மாதிரிக் காட்டும். வித்தியாசம் சிஆர்ஐயில்தான்.

எவ்வளவு நல்ல விளக்கு வாங்கினாலும் நூல் பொருத்தம் பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகத் தெரிவது சாயத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தினசரித் தலைவலி.

நீல ஒளி விழித்திரையை அரிக்குமா?

இனி உங்கள் கணவரிடம் பேசுகிறேன். ஐயா, நீங்கள் பயந்ததில் ஒரு அடிப்படை இருக்கிறது. வெள்ளை எல்இடி உண்மையில் ஒரு நீல விளக்குதான். 450 நானோமீட்டர் பக்கத்தில் நீல ஒளி விடும் சில்லின் (சிப்பின்) மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு ஒன்று இருக்கும். அது நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. நீங்கள் மாட்டியிருக்கும் மஞ்சள் எல்இடியின் உள்ளேயும் இருப்பது அதே நீலச் சில்லுதான், பூச்சுதான் கூட.

கடுமையான நீல ஒளி விழித்திரையைச் சுடும் என்பதும் உண்மை. ஆய்வுக்கூடத்தில் எலிகளின் கண்ணில் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கண்ணுக்கு மிக அருகில், மிகக் கூடுதல் வெளிச்சத்தை, மணிக்கணக்கில் காட்டிச் செய்த சோதனைகள் அவை. வீட்டு விளக்கு அந்தக் கணக்கில் வராது. விளக்குகள் கண்ணுக்கு ஆபத்தா என்று தரம் பிரிக்க ஐஇசி 62471 என்ற சர்வதேச விதிமுறை இருக்கிறது. வீட்டில் போடும் சாதாரண பல்புகள் அதில் ஆபத்தில்லாத, அல்லது மிகக் குறைந்த ஆபத்துள்ள பிரிவில்தான் வரும். வெளிச்சத்தின் அளவைச் சொன்னால் இன்னும் எளிதாகப் புரியும்: வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ், பகலில் நல்ல நிழலில் பத்தாயிரத்தை ஒட்டி, விளக்கு போட்ட அறையில் மிஞ்சிப்போனால் சில நூறு. நீல ஒளிக்குப் பயந்தால் முதலில் வானத்துக்குத்தான் பயப்படவேண்டும்.

அந்தக் கண்ணாடிகளைப் பற்றி: 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023ல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, கணினி பார்ப்பதால் வரும் கண் களைப்பை நீலத் தடுப்புக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. குறைந்தகாலப் பயன்பாட்டைத்தான் அந்த ஆய்வுகள் பார்த்தன. விழித்திரையைக் காப்பாற்றுகிறது என்று சொல்லவும் அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. போட்டால் கெடுதல் இல்லை, தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அந்த மஞ்சள் கண்ணாடியை ராத்திரி வண்டி ஓட்டும்போது தயவுசெய்து கழற்றிவிடுங்கள். இருட்டில் வெளிச்சமே கொஞ்சம், அதிலும் ஒரு பங்கை அது தடுக்கிறது. எதிரே வரும் வண்டியின் கூச்சம் குறைந்த மாதிரி இருக்கும். சாலையைக் கடக்கிற ஆள் தெரிவதில் எந்த உதவியும் கிடையாது.

உங்கள் பக்கம் நியாயம் இருப்பது தூக்கத்தில். நான் மேலே சொன்ன அதே மெலனாப்சின் செல்கள்தான் இப்போது பகலா ராத்திரியா என்று உடம்பின் கடிகாரத்துக்கும் சொல்கின்றன. படுக்கப் போகும் நேரத்தில் கண்ணில் 6500 கெல்வின் வெளிச்சம் கொட்டினால் மூளை இன்னும் பகல் என்றே நினைக்கும், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். ஒரே அளவு வெளிச்சம் என்றால் 2700 கெல்வின் விளக்கு இந்தச் செல்களை ஏறக்குறைய பாதி அளவுதான் உசுப்பும். படுக்கையறையில் நீங்கள் போட்ட மஞ்சள் பல்பு அப்படியே இருக்கட்டும். ஆனால் அங்கேயும் நிறத்தை விட அளவு முக்கியம். பளீரென்ற மஞ்சள் விளக்கு மங்கலான வெள்ளை விளக்கை விடத் தூக்கத்தை அதிகமாகக் கெடுக்கும்.

மகனின் பவர் ஏறியது எதனால்?

விளக்கின் நிறத்தால் அல்ல. கிட்டப்பார்வை என்பது கண் பந்து நீளமாக வளர்ந்துவிடுவது. 12 வயதில் உடம்பு வளரும்போது கண்ணும் வளரும், பவர் ஏறும். பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் வாய்ப்பு கூடும். புத்தகமும் போனும் முகத்துக்கு நேரே நெருக்கமாக, மணிக்கணக்கில் இருந்தால் இன்னும் கூடும்.

விளக்கைக் குற்றம் சொல்லும் பழக்கம் விஞ்ஞானிகளையும் ஒருமுறை மாட்டிவிட்டது. இரவு விளக்கு போட்டுத் தூங்கிய கைக்குழந்தைகளுக்குப் பின்னாளில் கிட்டப்பார்வை அதிகம் வருகிறது என்று 1999ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்கப் பெற்றோர் பதறினார்கள். அடுத்த வருடமே வேறு குழுக்கள் சரிபார்த்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தார்கள்: குழந்தையின் அறையில் விளக்கை எரியவிட்டவர்களில் கிட்டப்பார்வை உள்ள பெற்றோர் அதிகம். ராத்திரி எழுந்து வந்தால் அவர்களுக்குக் கண் தெரியவேண்டுமே! பிள்ளைக்குப் போனது விளக்கால் அல்ல, பெற்றோரின் வழியாகத்தான் என்று சந்தேகம் திரும்பியது.

வெளிச்சத்துக்கும் கிட்டப்பார்வைக்கும் உறுதியான தொடர்பு ஒன்று உண்டு, அது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியில் இருக்கும் வகுப்பு ஒன்றைக் கூடுதலாக வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வகுப்பு வைக்காத பள்ளிகளில் 40 சதவீதத்தை ஒட்டி. 2015ல் வெளியான ஆய்வு இது. வெளியே இருக்கும் ஆயிரக்கணக்கான லக்ஸ் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, கண் நீளமாக வளர்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பது இப்போதைய விளக்கம். எந்தப் பல்பும் இதற்கு ஈடில்லை. ஏற்கனவே கிட்டப்பார்வை வந்த பிள்ளைக்கு இந்தப் பலன் குறைவு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விடுவதோடு நிற்காமல் மருத்துவரிடமும் கேளுங்கள். ஒரு வருடத்தில் 0.75 ஏறுவது கவனிக்க வேண்டிய வேகம். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, ஏற்றத்தை மெதுவாக்கும் தனி வகை லென்ஸ் என்று இப்போது வழிகள் இருக்கின்றன.

யாராவது ‘சிவப்பு ஒளி காட்டினால் பவர் ஏறாது’ என்று ஒரு கருவியை நீட்டினால் வீட்டில் வைத்து நீங்களாகச் செய்யாதீர்கள். சிகிச்சையாக ஆராயப்படுவது உண்மை. விழித்திரை பாதிப்பு நேர்ந்த குழந்தைகள் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

சரி, எந்த விளக்கை எங்கே போடுவது?

எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி டியூப்லைட் மாட்டலாம். தைக்கும் அறைக்கு அது சரி, படுக்கையறைக்குத் தேவையில்லை. அப்படியே விட்டுவிடலாம், மாமியாரின் பரிசோதனை முடியும்வரை அதை ஏற்கமாட்டேன். நிறம் மாற்றும் விளக்கு வாங்கலாம், நல்ல யோசனைதான், ஆனால் அவசியம் இல்லை. என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன்.

*தையல் மேசை:* அறையின் பழைய டியூப்கள் திரும்பி வரட்டும். கூடவே வளைக்கக்கூடிய ஒரு மேசை விளக்கு, 4000 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல். ஊசி இறங்கும் இடத்திலிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். விளக்கின் தூரம் பாதியானால் துணியில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும்; கூரையில் பெரிய விளக்கு போடுவதை விட இது மலிவு. வலது கைக்காரர் என்றால் இடது பக்கத்திலிருந்து, அப்போதுதான் உங்கள் கையின் நிழல் தையலில் விழாது. பல்பு கண்ணுக்கு நேரே தெரியக்கூடாது.

*மாமியாரின் அறை:* அவருக்கு மஞ்சள் பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. வயதான லென்ஸில் ஒளி சிதறும், நீலம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிதறும், அதுதான் கூச்சம். ஆனால் அதே லென்ஸ் பழுத்து மஞ்சளாகி ஒளியை உள்ளே விடாமல் தடுக்கவும் செய்யும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணைப் போல மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேருகிறது. அதனால் அவருக்கு மஞ்சளே இருக்கட்டும், ஆனால் நிறைய இருக்கட்டும். மூடி போட்ட விளக்காக, சுவரில் பட்டுத் திரும்பும்படி. நடுராத்திரி எழுந்து நடக்க, தரையோரம் சிறிய மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு போதும். கண்புரை இருந்து பின்னால் அறுவை செய்தால், சில நாள் எல்லாம் நீலமாகத் தெரிகிறதே என்பார், பயப்படாதீர்கள். ஓவியர் கிளாட் மோனே 1923ல் கண்புரை அறுவை செய்துகொண்டபோது அவரும் இப்படி நிறங்களோடு மல்லுக்கட்டியவர்தான்.

*மகனின் மேசை:* 4000 கெல்வின், கை நிழல் விழாத பக்கத்திலிருந்து. அறை விளக்கையும் போட்டுத்தான் படிக்கவேண்டும். இருட்டறையில் ஒற்றை மேசை விளக்கு சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும், கண்ணுக்குக் களைப்பு.

எந்த விளக்கு வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை. விளக்கின் கீழே ஒரு பென்சிலை வேகமாக இடவலமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. பத்துப் பென்சில் வரிசையாக நிற்பது மாதிரித் துண்டு துண்டாகத் தெரிந்தால் அந்த விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. கண்ணுக்கு நேரடியாகத் தெரியாத அந்தத் துடிப்பு சிலருக்குத் தலைவலி தரும். ஓடும் தையல் இயந்திரத்தின் சக்கரமே நிற்பது மாதிரிக்கூடக் காட்டிவிடும். மஞ்சளோ வெள்ளையோ, அதை வாங்காதீர்கள்.

மாமியாரை அழைத்துப் போகும் அன்றே உங்கள் கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கட்டத்திலும் பச்சைக் கட்டத்திலும் எழுத்தைக் காட்டி எது தெளிவு என்று கேட்பார்கள். நிறத்துக்கு நிறம் ஒளி கண்ணுக்குள் குவியும் இடம் மாறும். அதை வைத்துத்தான் பவரை நுணுக்கமாகச் சரிசெய்கிறார்கள். சரியான விடை என்று ஒன்று கிடையாது, தெரிவதைச் சொல்லுங்கள். போகும்போது ஒரு ஊசியும், கறுப்பு, கருநீல நூல்கண்டு இரண்டும், நீங்கள் தைக்கும்போது கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒரு நூலில் முடிச்சுப் போட்டும் எடுத்துப் போங்கள். படிக்கிற தூரத்துக்கு எழுதும் கண்ணாடி தையல் தூரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அந்த நூலைக் காட்டினால் உங்கள் மேசைக்கு ஏற்ற பவரையே எழுதித் தருவார்கள்.